படகுக் கருவிகளும் பொதுச் சொருகியும்

ராயபுரத்தை அடுத்த காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தினின்று புறப்படும் விசைப்படகுகளில், ஜி.பி.எஸ்., ஆழங்காட்டும் எக்கோ சவுண்டர், வி.எச்.எப். வயர்லெஸ் ஆகிய கருவிகள் இன்று இன்றியமையாதனவாய்விட்டன. இவற்றை வாங்கச் செல்வோர் திரையின் அகலத்தையும் விலையையும் ஆராய்வது இயல்பே. ஆயினும், கருவியின் பின்புறத்துள்ள சொருகியையே முதற்கண் நோக்குதல் வேண்டுமென்பது நம் கொள்கை.

இஃது அற்ப விஷயமென எண்ணற்க. டி.எஸ்.சி. வசதியுள்ள வயர்லெஸின் சிவப்புப் பொத்தானை அழுத்தினால், 70ஆம் சேனலில் அபாய அறிவிப்புத் தானே செல்லும். படகின் இருப்பிடமும் உடன் செல்ல வேண்டுமாயின், தன்னுள்ளே ஜி.பி.எஸ். இல்லாத வயர்லெஸுக்கு வேறொரு ஜி.பி.எஸ். கருவியினின்று இடக்குறிப்பு வந்துகொண்டிருத்தல் வேண்டும். அவ்விரண்டும் இணைக்கப்படாவிடில், இடத்தைக் கையாற் பதிந்தாலன்றி, கூக்குரல் மட்டுமே கரைக்கு எட்டும். கூவுவோர் எங்குளரென்பது எட்டாது.

இத்தொல்லையின் மூலம் யாது? 1983ஆம் ஆண்டில் வெளியான என்.எம்.இ.ஏ. 0183 என்னும் விதி, கருவிகள் தம்முட் பேசும் மொழியை வரையறுத்ததேயன்றிச் சொருகியை வரையறுக்கவில்லை. ஆகவே கம்பியை வெட்டி முறுக்கி டேப் சுற்றும் வழக்கம் உண்டாயிற்று. உப்புக் காற்றுப் பட்ட செம்பு பச்சை பூத்துவிட, இணைப்பு வேண்டும் வேளையிற் கைவிடும். பின்வந்த என்.எம்.இ.ஏ. 2000, ஐந்து முனையுள்ள வட்டச் சொருகியை வகுத்தது. எனினும் ரேமரீனின் ஸீடாக் என்.ஜி., சிம்ராடின் சிம்நெட் ஆகியவை அம்மொழியையே பேசினும் வேறு சொருகி பூண்டன. இவற்றுக்குத் தக்கதோர் இணைப்புக் கம்பி போதும். 0183 கருவியை 2000 கருவியோடு சேர்க்கவோ, மொழிமாற்றுங் கருவியொன்று வேண்டும். இவ்வேற்றுமையை அறியாது வாங்குவோர் இருமுறை செலவழிப்பர்.

1904ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகர் தீப்பற்றியபொழுது, அண்டை நகரங்களினின்று தீயணைப்பு வண்டிகள் விரைந்து வந்தன. அவற்றின் குழாய்கள் அந்நகரத்து நீர்க்குழாய்வாய்களிற் பொருந்தவில்லை. நீரும் ஆளும் இருந்தும் 1500க்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. இன்னும் எவ்வகைச் சான்று வேண்டும்?

கருவியனைத்தையும் ஒரே நிறுவனத்திடம் வாங்கினால் இடர் தீருமென்பர் சிலர். படகுக் கருவிகள் யாவும் ஒரே நாளிற் பழுதாவதில்லை. ஒவ்வொன்றாய் மாற்றும் எளிய உரிமையாளர், பிற இடத்து விலை குறையினும் அந்நிறுவனத்திற்கே கட்டுப்பட்டவராவர்.

ஆதலின், படகு உரிமையாளர் சங்கங்கள் பொதுச் சொருகியுள்ள கருவிகளையே வாங்குவோமென உறுதி செய்தல் வேண்டும். மீன்படகுகளில் ஒரு லட்சம் டிரான்ஸ்பாண்டர்கள் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசாங்கம் 2024 ஆகஸ்டு 30இல் தொடங்கிற்று. அரசாங்கத்தின் பணத்தால் வாங்கும் எக்கருவிக்கும் சொருகி இன்னதென ஒப்பந்தத்திலேயே விதித்தல் தகும். பௌதிகமும் மின்னணுவியலும் பயிலும் நம் மாணவர், கருவிகளின் பொருத்தங் காட்டும் பட்டியலொன்றைத் தமிழில் இயற்றிக் காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பங்களிலும் எண்ணூரிலும் வழங்குவாராயின், அதனினும் பயனுள்ள பயிற்சி வேறில்லை. கற்ற கல்வி கடலோரத்திற்கும் உதவுக.