வாசலில் தெரியாத வெயில்

மினியாபோலிஸில் பதினொரு குளிர்காலங்களைத் தள்ளிவிட்டு, அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகருக்கு மாறப்போகிறோம் என்று சொன்னபோது கிள்ளானில் இருக்கும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "வெயில் நமக்கென்ன புதுசா?" என்றார்.

எனக்கும் மகிழ்ச்சிதான். 2019 ஜனவரியில் மினியாபோலிஸ் மைனஸ் 33 டிகிரி செல்சியஸைப் பார்த்தது. குழாயைச் சொட்டச் சொட்டத் திறந்துவிட்டுத்தான் படுப்போம். இல்லையென்றால் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். ஃபீனிக்ஸில் முதல் ஜனவரியிலோ அரைக்கைச் சட்டையோடு வாசலில் உட்கார்ந்து தேநீர் குடித்தேன்.

பிறகு கோடை வந்தது. 2023இல் ஜூன் 30 தொடங்கி 31 நாள்கள், தினமும் வெயில் 43 டிகிரியைத் தாண்டியது. நம் ஊரில் மத்தியானம் கொளுத்தினாலும் சாயங்காலம் ஒரு மழை வந்து சமாதானம் செய்யும். இங்கே இரவும் கைகொடுக்காது. அந்த ஜூலையில் தொடர்ந்து 16 இரவுகள் 32 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. வியர்வை கண்ணில் படுமுன்பே காய்ந்துவிடும். தார்ச்சாலையில் தடுக்கி விழுந்தவர்கள் தீக்காயத்தோடு மருத்துவமனைக்குப் போகிறார்கள். அங்கே ஜனவரியில் அடைந்து கிடந்தோம், இங்கே ஜூலையில். சிறை மாதம் மட்டும்தான் மாறியது.

கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் அமெரிக்க வழக்கம்கூட அரிசோனாவின் பெரும்பகுதியில் கிடையாது. சூரியன் எப்போது தொலையும் என்று காத்திருப்பவர்களுக்கு மாலை வெளிச்சம் எதற்கு?

ஆனால் பனிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது காட்டிக்கொடுத்துவிடும். மினியாபோலிஸில் எங்கள் தெருவில் ஒரு முதியவர் வீட்டு வாசலில் பனி வாரப்படாமல் கிடந்தால், யாராவது போய்க் கதவைத் தட்டுவார்கள். வெயில் எந்தத் தடயமும் வைப்பதில்லை. ஏர்கோன் ஓடும் வீடும் நின்றுபோன வீடும் தெருவிலிருந்து பார்த்தால் ஒன்றுதான். எல்லா ஜன்னலிலும் திரை மூடியே இருக்கும். ஃபீனிக்ஸ் அடங்கிய மரிகோபா மாவட்டத்தில் 2023இல் வெப்பம் தொடர்பாக இறந்தவர்கள் 645 பேர். வீடற்றவர்கள் பலர். வீட்டுக்குள்ளேயே இறந்தவர்களும் உண்டு. அவர்களில் பலர் வீட்டில் ஏர்கோன் இருந்தது, ஓடவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டில் எண்பதைத் தாண்டிய அம்மாள் ஒருவர் தனியாக இருக்கிறார். போன ஆகஸ்டில் என் மனைவி கொஞ்சம் பாயசம் கொடுக்கப் போனார். கதவு திறந்ததும் அடுப்பைத் திறந்தது போல் அனல். ஏர்கோன் நின்று இரண்டு நாளாம். பழுது பார்ப்பவர் வியாழக்கிழமைதான் வருவாராம். "ஃபேன் இருக்கிறதே" என்கிறார். அந்தச் சூட்டில் ஃபேன் வெந்த காற்றைத்தான் மேலே வீசும். வரமாட்டேன் என்றவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு வந்தோம். மூன்று இரவு எங்களோடு தங்கினார்; மனைவியோடு உட்கார்ந்து தமிழ் சீரியல்கூடப் பார்த்தார்.

அதன்பிறகு ஓர் ஏற்பாடு. காலை ஏழு மணிக்கு அவர் முன் ஜன்னல் திரையைப் பாதி விலக்க வேண்டும். போன செவ்வாய்க்கிழமை ஏழரை ஆகியும் திரை அசையவில்லை. மனைவி ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாராம். எழுப்பியதற்குக் கோபித்துக்கொண்டார். திரையை மட்டும் உடனே விலக்கிவிட்டார்.