விரதம் அம்மாவை மெலிய வைக்காது

கந்தசஷ்டிக்கு 6 நாள். நவராத்திரிக்கு 9 நாள். கேதாரகௌரிக்கு 21 நாள். இடையில் செவ்வாய், வெள்ளி வேற. திருகோணமலையில் ஒரு அம்மா வருசத்தில் விரதமிருக்கிற நாட்களை எண்ணிப் பார்த்தால், உலகத்திலேயே மெலிஞ்ச பெண்கள் எங்கட ஊரிலதான் இருக்கவேணும். இல்லையே! 2015இல் இலங்கை முழுக்க எடுத்த சுகாதார ஆய்வில், ஆண்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கும் பெண்களில் மூன்றில் ஒருவருக்கும் நிறை கூட எண்டு வந்தது.

இதில் அதிசயம் ஒண்டும் இல்லை. பகல் முழுக்க வெறும் வயிறு. விரதம் முடிஞ்சதும் சோறு, வடை, மோதகம், சர்க்கரைப் புக்கை. அதையும் சமைச்சது அவவேதான். விரதம் கடவுளுக்கானது, தராசுக்கானது இல்லை. ஆனால் "அந்தக் காலத்து டயட்தான் விரதம்" எண்டு வீடியோ போடுறவர்கள் அதைத் தராசில் ஏற்றிவிட்டார்கள். சீனி வருத்தத்துக்கு மருந்தோ இன்சுலினோ எடுக்கிற ஒருவர் டொக்டரைக் கேட்காமல் பட்டினி கிடந்தால் சீனி திடீரென இறங்கி மயங்கி விழலாம். அதை அந்த வீடியோக்கள் சொல்வதில்லை. இன்னொரு பக்கம், பருத்த உடம்பைப் பெருந்தீனிப் பாவத்தின் அடையாளமாகப் பார்க்கிற பிரசங்கம். இரண்டும் குற்றத்தைப் பெண்ணின் தலையிலேயே கட்டுகின்றன.

அப்ப நம்பிக்கையால் ஒண்டும் ஏலாதா? ஏலும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 16 தேவாலயங்களைச் சேர்ந்த, 40 வயது தாண்டிய 500க்கு மேற்பட்ட கறுப்பினப் பெண்களோடு ஒரு முயற்சி நடந்தது. 2001இல் முடிவு வெளிவந்தது. சில தேவாலயங்களில் சாப்பாடு, உடற்பயிற்சி வகுப்பு மட்டும். சிலவற்றில் அதோடு செபமும் வேதமும். மற்றவற்றில் "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கோ" எண்டு விட்டார்கள். தனியே விடப்பட்டவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. மற்ற இரண்டு கூட்டத்திலும் ஒரு வருசத்தில் நிறை, இடுப்பளவு, பிறசர் எல்லாம் கொஞ்சம் இறங்கின. நிறையில் அரைக் கிலோதான். வகுப்பு மட்டும் கிடைத்த பெண்கள் செபத்தைத் தாங்களாகவே சேர்த்துக்கொண்டார்கள்! ஆக, அவர்களுக்குத் தேவைப்பட்டது உபதேசம் இல்லை. கூடுகிற இடமும், கூட வர நாலு பேரும்.

எங்கட ஊரில் அந்த இடம் எங்க? மைதானம் பெடியளுக்கு. உட்துறைமுக வீதியில் பின்னேரம் ஒரு பெண் தனியாக வேகமாக நடந்தால், "எங்க இவ்வளவு அவசரமா?" எண்டு நாலு பேர் கேட்பினம். "கோயிலுக்குப் போறன்" எண்டு சொன்னால் ஒருத்தரும் கேட்கமாட்டினம். செல்வச்சந்நிதியில் இருந்து திருகோணமலை வழியாகக் கதிர்காமம் வரை கிழமைக்கணக்கில் நடக்கிற பெண்களைக் கையெடுத்துக் கும்பிடுகிற அதே சமூகம், பின்னேரம் அரை மணித்தியாலம் நடக்க விடாது.

"கோயில் என்ன ஜிம்மா?" எண்டு பெரியவர்கள் கேட்கலாம். அடி அழிக்கிறது உடம்பால்தானே? கோணேசர் மலை ஏறுறது காலால்தானே?

ஆகவே பரிபாலன சபைகளிடமும், பங்குச் சபைகளிடமும், பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் கேட்கிறோம். பின்னேரத்தில் வெளிவீதியையோ மண்டபத்தையோ பெண்கள் நடக்கவும் உடற்பயிற்சி செய்யவும் திறந்து விடுங்கோ. 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நிறை, பிறசர், சீனி இலவசமாகப் பார்க்கிற அரசாங்க நிலையங்கள் 2011 முதல் இயங்குகின்றன. மாதம் ஒருக்கா அவர்களை உங்கட வளவுக்குக் கூப்பிடுங்கோ. அன்னதானத்தில் சோற்றைக் குறைத்து மரக்கறியைக் கூட்டுங்கோ. தண்ணீர்ப் பந்தலில் சர்பத்துக்குப் பதில் மோர் குடுங்கோ.

இதை வாசிக்கிற பெடியளுக்கும் ஒரு வேலை இருக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா விரதமிருந்தால், சமையலை நீங்கள் பாருங்கோ. அந்த நேரத்தில் அவ நடந்துவிட்டு வரட்டும்.