சாவியை எறிவதற்கு முன்

ஏற்காட்டில் கோடை மழை வலுத்தால் மின்சாரம் நிலைப்பதில்லை. காப்பித் தோட்டத்தை ஒட்டி வாழும் மூத்த எழுத்தாள நண்பரின் கணினி அப்படி ஒருமுறை அணைந்தெழுந்த பின், மின்னஞ்சல் செயலி கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்கலாயிற்று. சேமித்தாலும் மறுநாள் மறந்துவிடுகிறது. கணினி அறிந்தவர்கள் தொலைபேசியில் உரைத்த மருந்து ஒன்றே: சாவிக் கோப்பை அழித்துவிடுங்கள்.

இந்த அவசரத்தோடுதான் எனக்கு வழக்கு. தண்டர்பேர்டை எடுத்துக்கொண்டால், கடவுச்சொற்கள் ‘லாகின்ஸ்.ஜேசன்’ கோப்பில் மறைகுறியாக உள்ளன; அவற்றைத் திறக்கும் சாவி ‘கீ4.டிபி’. சாவி பழுதானால் புதிய சொல்லும் தங்காது என்பது மெய்யே. ஆனால் அதை அழித்தால் பழையவை யாவும் போயின. நண்பருக்கோ ஒன்றும் நினைவில்லை. சிற்றிதழ்க்காரர்களோடு இருபதாண்டு எழுதிய மடல்கள் அந்தப் பூட்டுக்குள். செயலியை மூடி, இரு கோப்புகளையும் வேறிடத்தில் நகலெடுத்த பின்னரே கைவைக்க வேண்டும்.

(ஜிமெயிலாயின் கதை வேறு. தனிநபர் கணக்குகளில் 2022 மே 30 முதல் இத்தகைய செயலிகளுக்கு வழக்கமான கடவுச்சொல் செல்லாது; ஓஆத் முறைக்கு மாறி, செயலியில் குக்கீகளையும் அனுமதிக்க வேண்டும்.)

கடவுச்சொல்லைத் தாளில் எழுதலாகாது என்று உபதேசிப்போர் உண்டு. மலைமேல் தனித்திருக்கும் எழுபது வயதுக்காரருக்கு அது பொருந்தாது என்பேன். பழைய கணினியில் மிஞ்சியிருந்த நகலிலிருந்து மீட்ட அவரது கடவுச்சொல், இப்போது பீரோவில் தோட்டப் பத்திரத்தோடு இருக்கிறது.