காதில் விழும் குரல் யாருடையது?

ஒரு வாலிபன் தனியே பேச ஆரம்பித்து, தன் தலைக்குள் வேறொருவன் நினைப்பைப் புகுத்துவதாகவும், தன் கைகால்களை வேறொருவன் ஆட்டுவதாகவும், ஆளில்லாத இடத்தில் யாரோ தன்னை ஏசுவதாகவும் சொல்லுவானேயானால், நம் ஜனங்களில் அநேகர் முதலில் தேடிப் போவது பூசாரியையும் மந்திரவாதியையுமேயாகும். வைத்தியரிடம் போவதெல்லாம் கையிலிருந்த காசு கரைந்த பிறகுதான். பேய் என்பார்கள், செய்வினை என்பார்கள், முன்ஜென்மப் பாவம் என்பார்கள். ஆனால் அந்தக் குரல் உண்மையில் யாருடையது என்று மாத்திரம் கேட்கமாட்டார்கள். அதைத்தான் இன்று நாம் கேட்கின்றோம்.

இந்த நோய்க்கு மனச்சிதைவு என்று பெயர். ஸ்கிஸோப்ரீனியா என்னும் பெயரை 1908ல் இதற்குச் சூட்டியவர் ஸ்விட்ஜர்லாந்து தேசத்து வைத்தியரான பிளாய்லர் என்பவராவார். ஓர் உடம்பில் இரண்டு ஆட்கள் குடியிருப்பது என்று சிலர் இதற்கு அர்த்தம் செய்கின்றார்கள். அது தப்பு. நினைப்பு, உணர்ச்சி, செய்கை ஆகிய இவைகளைச் சேர்த்து வைத்திருக்கும் கட்டு தளர்ந்து போவதையே அவர் குறித்தார். இன்று உலகத்தில் 2 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு இந்நோய் இருக்கின்றது. இத்தனை கோடிப் பேரையும் பிடித்தாட்டப் பேய்களுக்கு வேறு வேலையே இல்லையா?

நிற்க, வாசகர்கள் தங்கள் உள்ளங்கையைத் தாங்களே வருடிப் பார்க்கட்டும். கிச்சுக்கிச்சு அவ்வளவாகத் தோன்றாது. அதையே பிறர் செய்தால் தோன்றும். காரணமென்ன? கையை அசைக்க உத்திரவு போடும்போதே, அதனால் இன்ன ஸ்பரிசம் வரப்போகின்றது என்று மூளை முன்கூட்டிக் கணக்கிட்டு விடுகின்றது. கணக்கும் வரவும் ஒத்துவிட்டால், “இது என் காரியம்” என்று அடக்கி விடுகின்றது. 2000த்தில் லண்டன் ஆராய்ச்சிக்காரர்கள் இதைச் சோதித்தார்கள். குரல் கேட்கின்ற அல்லது பிறர் தம்மை ஆட்டுவதாக உணருகின்ற நோயாளிகளுக்கு, தாம் தொட்டதும் பிறர் தொட்டதும் ஒன்றுபோலவே இருந்தன. அந்த லட்சணங்கள் இல்லாதவர்களுக்கு அப்படியில்லை.

மனதுக்குள் நாம் பேசிக்கொள்ளும் பேச்சும் இப்படித்தான் என்று கிறிஸ் பிரித் முதலிய அறிஞர்கள் சொல்லுகின்றார்கள். “என்னுடையது” என்னும் முத்திரை அதன்மீது விழாமல் போனால், சொந்தப் பேச்சே அயலான் பேச்சாகி விடுகின்றது. 1949லேயே கௌல்டு என்னும் வைத்தியர், குரல் கேட்கும் ஒரு நோயாளியின் தொண்டையில் எழுந்த மெல்லிய முணுமுணுப்பைப் பெரிதாக்கிக் கேட்டார். நோயாளி தன்னிடம் பிறர் சொன்னதாகக் கூறிய சங்கதியும் அந்த முணுமுணுப்பும் பொருந்தின. நோய் முழுவதையும் இந்த ஒன்றே விளக்கிவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் உடுக்கையடித்து விரட்டவேண்டிய அன்னியன் எவனும் உள்ளே இல்லை என்பதற்கு இது போதாதா?

அன்றியும், இந்நோயில் கவனம், ஞாபகம், யோசித்து ஒரு காரியத்தை ஒழுங்குபடுத்தும் சக்தி ஆகியவைகளும் குன்றுகின்றன. அநேகருக்குக் குரல் கேட்பதற்கு வெகு முன்னமேயே படிப்பிலும் வேலையிலும் பின்னடைவு தோன்றிவிடுகின்றது. அதைச் சோம்பேறித்தனமென்றும் திமிரென்றும் சொல்லி அடிக்கின்ற பெற்றோர் எத்தனை பேர்!

“நான்” என்பது எதனாலும் கலங்காத ஒரு வஸ்து என்று வேதாந்திகள் பேசுகின்றார்கள். மூளையின் கணக்குப் பிசகினால் அந்த “நான்” எப்படிப் பிசகுகின்றது என்பதை ஒரு நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். 1919ல் வியன்னாவில் தௌஸ்க் என்னும் வைத்தியர், தங்களை ஒரு மாய யந்திரம் ஆட்டுவதாகச் சொன்ன நோயாளிகளைப்பற்றி எழுதினார். யந்திரமுள்ள ஊரில் யந்திரம். முனியுள்ள ஊரில் முனி! நோய் ஒன்றுதான். பழியை யார்மேல் போடுவது என்பதை ஊர்தான் கற்றுக் கொடுக்கின்றது.

இந்தக் கற்பிதத்தின் பலன் என்ன? 2001 ஆகஸ்டு 6ந் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில், தர்காவை நம்பிக் கொண்டுவரப்பட்டு, ஒரு கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகளில் 28 பேர் தீயில் வெந்து மாண்டார்கள். ஓட முடியாதபடி அவர்களைக் கட்டிவைத்தது எந்தப் பேய்? கோவிலானாலும், தர்காவானாலும், ஜெபக்கூட்டமானாலும் நம் கேள்வி ஒன்றேதான். 2017ம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாதென்கின்றது. சிகிச்சை பெறுவது அவர்களுடைய உரிமை என்றும் சொல்லுகின்றது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதுமா?

1952ல் பாரிஸ் வைத்தியர்கள் குளோர்ப்ரோமஸின் என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தது முதல், இந்நோய்க்கு மருந்து உண்டு. எல்லோருக்கும் பூரண குணமாகுமென்று நாம் பொய் சொல்லமாட்டோம். ஆனால் அநேகருக்குக் குரல் அடங்குகின்றது; உழைத்துப் பிழைப்பவர்களும் இருக்கின்றார்கள். சிகிச்சை தாமதப்படத் தாமதப்படக் குணமாவதும் கடினமாகின்றது. ஆகவே, தாயத்துக்கும் பரிகாரத்துக்கும் செலவாகும் மாதங்கள் வெறும் காசு நஷ்டமல்ல. அந்த வாலிபனுடைய ஆயுளில் திருடப்பட்ட மாதங்களேயாகும்.

தோழர்களே! உங்கள் தெருவில் இப்படி ஒருவர் இருந்தால் கேலி செய்யாதீர்கள். பெற்றவளைக் குற்றஞ் சொல்லாதீர்கள். அந்தக் குரல் அவருக்கு உண்மையாகவே கேட்கின்றது. “கேட்கின்றதா, பயமாயிருக்கின்றதா, வா, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்” என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள். பூசாரி பத்து வருஷத்தில் செய்யாததை அந்த ஒரு நாள் நடை செய்தாலும் செய்யும்.