குஞ்சுக்குக் கிடைத்த காப்பு குழந்தைக்கு இல்லையா?

நாமக்கல் வட்டாரம் கோழிப்பண்ணைகளால் பெயர் பெற்றது. பண்ணைத் தொழிலில் ஒரு நடைமுறை உண்டு. குஞ்சு பொரிப்பதற்கென முட்டையிடும் தாய்க்கோழிக்கு, முட்டையிடும் பருவத்திற்கு முன்பே கம்போரோ நோய்த் தடுப்பூசி போட்டுவிடுவர். தாயின் குருதியிலே உண்டாகும் காப்பு, மஞ்சள் கருவின் வழியே குஞ்சைச் சென்றடையும். ஓட்டை உடைத்து வெளிவரும்போதே கவசம் பூண்டு வருகிறது குஞ்சு! ஏன் இந்த ஏற்பாடு? குஞ்சு தானே வலிமை பெறும்வரை நோய் காத்திருக்காது என்பதைப் பண்ணையாளர் அறிவர்.

கோழியையும் குழந்தையையும் ஒப்பிடுவதா எனச் சினவாதீர், தோழர்களே! கோழிக்குஞ்சுக்கு உள்ள அந்தக் காப்பு நம் குழந்தைக்கு இல்லையே என்பதுதான் நம் வேதனை.

கக்குவான் இருமல் பெரியவர்க்குத் தொல்லை. ஒரு மாதக் குழந்தைக்கோ அது எமன். இருமவும் வலுவின்றி, மூச்சு நின்று, முகம் நீலம் பாரித்துப்போகும். அரசு அளிக்கும் ஐந்து நோய்த் தடுப்பூசியின் முதல் தவணை பிறந்த 6ஆம் வாரத்தில். அடுத்தவை 10, 14ஆம் வாரங்களில். அதுவரை அச்சேய்க்கு அரண் எது? வீட்டிலுள்ளோரின் இருமலே தொட்டிலுக்கு நோயைச் சுமந்து வரும் காலமன்றோ அது!

வழி இருக்கிறது. கருவுற்ற 27 முதல் 36 வாரங்களுக்குள் தாய்க்கு ஒரே ஓர் ஊசி. இரண ஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான் ஆகிய மூன்றையும் தடுப்பது அது. உயிருள்ள கிருமி அதில் இல்லை. தாயிடம் உண்டாகும் காப்பு நஞ்சுக்கொடி வழியே சேயைச் சேர்கிறது. நாளடைவில் அது குறைந்துவிடுவதால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் ஊசி தேவை.

2012இல் இங்கிலாந்தில் கக்குவான் பரவி 14 பச்சிளங்குழந்தைகள் மாண்டன. அவ்வாண்டு அக்டோபரிலேயே அந்நாட்டு அரசு கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசியை வழங்கத் தொடங்கிற்று. பின்னர் ஆய்ந்தபோது, பச்சிளங்குழந்தைகளிடம் 10இல் 9 பங்கு நோயைத் தடுக்கும் ஆற்றல் அதற்கு உண்டெனத் தெரிந்தது. நம் நாட்டு மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பும் இதைப் பரிந்துரைக்கிறது.

"நம் நாட்டில் நடக்குமா?" என்பர் சிலர். நடந்திருக்கிறதே! கர்ப்பிணிக்கு இரண ஜன்னி ஊசி போட்டும், பேறுகாலத்தைத் தூய்மையாக்கியும், பச்சிளங்குழந்தைகளைக் கொன்ற அந்த நோயை இந்தியா வென்றதென 2015இல் உலக சுகாதார நிறுவனமே சான்றளித்தது. அதே தாய், அதே கை, அதே செவிலியர். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இடப்படும் ஊசியில் இரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் காப்பு உண்டு. கக்குவானுக்கு மட்டும் இல்லை!

மூன்றையும் தடுக்கும் ஊசி தனியார் மருத்துவமனையில் கிடைக்கிறது. விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டும். சேலத்துச் செல்வர் வீட்டு மருமகள் அதைப் பெறுவாள். குமாரபாளையத்துத் தறித் தொழிலாளியின் மனைவி பெறுவாளா? கிருமி ஏழை, பணக்காரர் என்று பார்ப்பதில்லை. ஊசி மட்டும் பார்க்கிறது! இது நீதியா?

"செலவு மிகும்" என்று கையை விரிக்கலாம். 2011 டிசம்பரில் ஐந்து நோய்த் தடுப்பூசியை நாட்டிலேயே முதலில் ஏற்ற மாநிலங்கள் தமிழகமும் கேரளமும். அன்று முன்னே நடந்த தமிழகம் இன்று பிறர் வரட்டும் எனக் காத்திருப்பானேன்? சேலத்திலும் நாமக்கல்லிலும் முதலில் தொடங்கட்டும். பலன் கண்டு மாநிலமெங்கும் விரிவாக்கட்டும்.

அதுவரை நம் கடமையும் உண்டு. இருமல் உள்ளோர் தொட்டிலை நெருங்கலாகாது. 6ஆம் வார ஊசியை ஒரு நாளும் தள்ளிப்போடலாகாது.

குஞ்சைக் காக்கக் கணக்குப் பார்த்துச் செலவிடத் தெரிந்த மண் இது. குழந்தையைக் காக்கவும் செலவிடுக என்று கேட்கிறோம். கேட்பது சலுகையன்று, பிறக்கப்போகும் உயிரின் உரிமை!