பள்ளி வாசலில் தொடங்குகிறோம்

அரசுத் தொடக்கப்பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோரும், அங்கே பணிபுரியும் ஆசிரியர்களும், அங்கே படித்து வளர்ந்தவர்களும் சேர்ந்து இந்த இயக்கத்தை இன்று தொடங்குகிறோம். வகுப்பறை வேண்டும், கழிப்பறை வேண்டும், காலிப் பணியிடங்கள் நிரம்ப வேண்டும். இவற்றோடு இன்னொன்றும் கேட்கிறோம். ஊருக்கும் பள்ளிக்கும் இடையே அறுந்துபோன பேச்சு திரும்ப வேண்டும். அதைத் தொடங்கிவைக்கும் பொறுப்பு தலைமையாசிரியருடையது.

காமராசர் முதலமைச்சராகவும் நெ.து.சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, 1958இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், நிலம் என்று ஊர்மக்கள் தங்களால் ஆனதைக் கொடுத்தார்கள். தான் கொடுத்த பெஞ்சில் யார் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வருகிறவர், வராத பிள்ளையைத் தேடியும் போவார். அந்த உரிமையைத்தான் நாம் தொலைத்திருக்கிறோம்.

சட்டம் அதைத் திருப்பித் தர முயன்றது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். ஆனால் கூட்டமே நடக்காமல் தீர்மான நோட்டு மட்டும் வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிப்போவதை எங்களில் பலர் பார்த்திருக்கிறோம். பிற்பகல் 3 மணிக்குக் கூட்டம் என்றால் களையெடுக்கப் போன தாய் எப்படி வருவார்? அவருக்கு அக்கறை இல்லை என்று சொல்வதை நாங்கள் ஏற்கமாட்டோம்.

சட்டம் தரும் அதிகாரம் மட்டும் போதாது. அமெரிக்காவின் சிக்காகோவில் 1988ஆம் ஆண்டுச் சட்டம், தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தையே பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள குழுக்களுக்குத் தந்தது. அந்நகரின் தொடக்கப்பள்ளிகளை ஆந்தணி பிரைக்கும் பார்பரா ஷ்னைடரும் 1990களில் ஆராய்ந்தார்கள். பெரியவர்களுக்குள் நம்பிக்கை வலுத்திருந்த பள்ளிகளில் இரண்டில் ஒன்று வாசிப்பிலும் கணக்கிலும் முன்னேறியது. நம்பிக்கை நலிந்த பள்ளிகளில் ஏழில் ஒன்றுதான். அதிகாரம் எல்லாக் குழுக்களுக்கும் ஒன்றே. பலன் ஒன்றாக இல்லை.

அந்த நம்பிக்கை மிகச் சிறிய இடத்தில் பிறக்கிறது. “பிள்ளைய ஒழுங்கா அனுப்ப மாட்டியா?” என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்டால் அந்தத் தாய் மறுபடி வரமாட்டார். “வாங்கம்மா, உட்காருங்க. உங்க பொண்ணு நேத்து ஒரு பக்கம் தானா வாசிச்சா” என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த முறை அழைக்காமலே வருவார். சக ஆசிரியரின் மனத்தாங்கலைக் காதுகொடுத்துக் கேட்பதும், ஊர்ப் பெரியவர் கோபமாக வரும்போது நிதானம் இழக்காமல் பேசுவதும் இதே திறமைதான். இதைக் கற்றுக்கொள்ள முடியும். பதிவேடும் படிவமும் நிரப்பக் கற்றுத்தரும் கல்வித் துறை, இதையும் கற்றுத்தர வேண்டும். கணினியில் விவரம் ஏற்றும் வேலையிலிருந்து தலைமையாசிரியரை விடுவித்து, தெருவுக்குள் நடந்துவர நேரம் கொடுக்க வேண்டும். எல்லாத் தெருவுக்கும், காலனித் தெருவுக்கு முதலில்.

எங்கள் பங்குக்கு நாங்கள் உறுதி சொல்கிறோம். குறை சொல்ல மட்டும் பள்ளிக்குப் போகமாட்டோம். பிள்ளைகள் முன்னால் ஆசிரியரைத் தரக்குறைவாகப் பேசமாட்டோம். படித்துப் பார்க்காத தீர்மானத்தில் கையெழுத்துப் போடமாட்டோம். கிராமசபையில் பள்ளியைப் பற்றிப் பேசாமல் எழுந்துவரமாட்டோம்.

உங்கள் ஊர்ப் பள்ளியின் அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டம் என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று நாளைக் காலையிலேயே போய்க் கேளுங்கள். அந்த நேரம் தோதாக இல்லையென்றால் மாற்றச் சொல்லுங்கள். வரும்போது பக்கத்து வீட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.