உளிக்கு ஏற்ற கல்



தச்சுக் கருவிகள் குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரை உளியைப் பற்றி நிறையச் சொன்னது. அதைச் சாணை பிடிக்கும் கிரைண்டர் கல்லைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நல்ல உளிகள் பலவும் கெடுவது அந்தக் கல்லில்தான்.

கிரைண்டரோடு வரும் சாம்பல் நிறக் கல் பொதுவான இரும்பு வேலைக்கானது. அதில் மழுங்கிய துகள் உதிராமல் நின்று உரசும். சூடேறி உளி நுனியில் நீலம் பாயும். கார்பன் ஸ்டீல் உளியில் நீலம் ஏறிவிட்டால் அந்த இடத்தில் பதம் போயிற்று. அதுவரை தேய்த்துத் தள்ளினால்தான் மறுபடி கூர் நிற்கும்.

மாற்றுக்கல் வாங்கும்போது வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல்லைக் கேளுங்கள். அதன் துகள் எளிதில் உடைந்து புதுமுனை காட்டும், சூடு குறையும். ஒட்டியிருக்கும் தாளில் 'டபிள்யூஏ 80 கே' என்பதுபோல் எழுதியிருக்கும். 80 என்பது துகளின் அளவு, 'கே' பிணைப்பின் இறுக்கம். எழுத்து வரிசையில் பின்னால் போகப்போக இறுக்கம் கூடும். உளிக்கும் இழைப்புளித் தகட்டுக்கும் 60 அல்லது 80 துகளில், 'எச்' முதல் 'கே' வரை எடுக்கலாம். பச்சைக்கல் கார்பைடு முனைக்கானது, உளிக்கு வேண்டாம்.

துளை அளவு மெஷினுக்குப் பொருந்த வேண்டும். தாளில் உள்ள வேக வரம்பு மெஷினின் வேகத்துக்குக் குறையவே கூடாது. மாட்டுமுன் கல்லைத் தொங்கவிட்டு மரப்பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் சரி, மந்தமாகக் கேட்டால் விரிசல் இருக்கும், அதை ஓட்டாதீர்கள். மாட்டியபின் ஒரு நிமிடம் ஓரமாக நின்று வெறுமனே ஓடவிடுங்கள்.

சிற்றூர்க் கருவிக் கடைக்காரர்கள் வெள்ளைக் கல்லையும் இருப்பில் வைக்க வேண்டும்.

– தச்சுத் தொழிலாளி, செங்கோட்டை